சேந்தமங்கலமும் ரோமில் ஒரு பளிங்குச் சிலையும்

சேந்தமங்கலத்துக்கும் ரோமாபுரிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால் எங்கள் பக்கத்தில் சிரிப்பார்கள். ஆனால் சம்பந்தம் உண்டு. அதிலிருந்து தொடங்கினால்தான் நான் சொல்ல வந்த சிலையின் கதை நமக்குப் பக்கத்தில் வரும்.

நாமக்கல்லிலிருந்து கொல்லிமலை அடிவாரத்தை நோக்கிப் போனால் வரும் சேந்தமங்கலம் இன்று ஒரு சின்ன ஊர். 17ஆம் நூற்றாண்டில் அது மதுரை நாயக்கருக்குக் கப்பம் கட்டிய ஒரு சிற்றரசின் தலைமையிடம். அப்போது ராமச்சந்திர நாயக்கர் ஆண்டு வந்தார். 1623ஆம் ஆண்டு அந்த ஊருக்குக் காவி உடுத்திய ஒரு வெள்ளைக்காரச் சந்நியாசி வந்தார். புலால் உண்ணமாட்டார். தமிழும் சமஸ்கிருதமும் தெலுங்கும் அறிந்தவர். தத்துவ போதகர் என்று பெயர் வைத்துக்கொண்டிருந்த இத்தாலியப் பாதிரியார் ராபர்ட் தெ நொபிலிதான் அவர். சேந்தமங்கலத்திலிருந்து சேலத்துக்கும் வந்தார்.

மதுரையில் 1606 முதல் வாழ்ந்த அவர்மீது அவருடைய சபையைச் சேர்ந்தவர்களே புகார் எழுதி அனுப்பியிருந்தார்கள். கிறிஸ்தவரான பிறகும் ஒருவர் குடுமியும் பூணூலும் சந்தனமும் வைத்துக்கொள்ளலாமா என்பதுதான் வழக்கு. பல ஆண்டுகள் இழுத்த அந்த வழக்கில், 1623 ஜனவரி 31 அன்று போப் பதினைந்தாம் கிரகோரி நொபிலிக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். அந்த ஆண்டுதான் நொபிலி மதுரையை விட்டு நம் பக்கம் கிளம்பினார்.

இந்தப் போப் பதவியில் இருந்தது இரண்டரை ஆண்டுக்கும் குறைவுதான். அதற்குள் இன்னொரு பெரிய காரியமும் செய்தார். 1622 மார்ச் 12 அன்று ஒரே நாளில் ஐந்து பேருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தார். அதில் ஒருவர் நம் முத்துக்குளித்துறையில் நடையாய் நடந்த பிரான்சிஸ் சேவியர். இன்னொருவர் ஸ்பெயின் தேசத்து அவிலா நகரைச் சேர்ந்த தெரேசா என்ற கன்னிகாஸ்திரீ. நாம் அறிந்த கல்கத்தா அன்னை தெரசா வேறு, படங்களில் ரோஜாப்பூ ஏந்தி நிற்கும் குழந்தை தெரேசாள் வேறு. இவர் அவர்களுக்கெல்லாம் மூத்தவர். 1515ல் பிறந்து 1582ல் மறைந்தவர்.

இன்னொரு செய்தியும் சொல்லிவிடுகிறேன். போப் கிரகோரிக்கு மார்பளவுச் சிலை செய்து, அவரிடம் வீரப்பட்டமும் வாங்கிய ஓர் இளைஞர் அப்போது ரோமில் இருந்தார். வயது 23தான். பெயர் ஜான் லொரென்சோ பெர்னினி. சுமார் 25 ஆண்டுகள் கழித்து அவர் கையால்தான் தெரேசாவின் சிலை உருவானது. உலகத்தில் பக்திப் பரவசத்தைக் கல்லில் காட்டிய சிற்பங்கள் எவை என்று யார் பட்டியல் போட்டாலும் முதல் சில பெயர்களுக்குள் அது வந்துவிடும்.

பெர்னினி அந்த வேலையை எடுத்துக்கொண்ட நேரம் அவருக்கு நல்ல நேரமாக இல்லை. அவரை ஆதரித்த போப் எட்டாம் உர்பன் 1644ல் இறந்துபோனார். புனித பேதுரு பேராலயத்துக்கு அவர் எழுப்பிய மணிக்கூண்டால் முகப்புச் சுவரில் விரிசல் விழுந்தது என்று குற்றம்சாட்டி, 1646ல் அதை இடித்துத் தள்ளினார்கள். ஊரே பார்க்கக் கட்டியதை ஊரே பார்க்க இடிப்பது ஒரு கலைஞனுக்கு எப்படிப்பட்ட அடி என்று சொல்லவேண்டியதில்லை. அந்தச் சமயத்தில் வெனிஸ் நகரத்துக் கார்டினல் பெதெரிகோ கொர்னாரோ தம் குடும்பத்துக்காக ஒரு சிற்றாலயம் அமைத்துத் தரச் சொன்னார். இடம், ரோமில் உள்ள சாந்தா மரியா தெல்லா வித்தோரியா தேவாலயம். அது தெரேசா சீர்திருத்திய கார்மேல் சபைத் துறவியரின் கோவில். 1647ல் தொடங்கி 1652ல் வேலை முடிந்தது.

சிலையில் என்ன இருக்கிறது? வெண்பளிங்கு மேகத்தின்மேல் தெரேசா பின்பக்கமாகச் சாய்ந்து கிடக்கிறார். கண் பாதி மூடியிருக்கிறது. வாய் லேசாகத் திறந்திருக்கிறது. ஒரு வெறுங்கால் மேகத்துக்குக் கீழே தொங்குகிறது. எதிரில் இளஞ்சிறுவனைப் போல ஒரு தேவதூதன், புன்னகையோடு, கையில் அம்புடன் நிற்கிறான். மேலே நம் கண்ணுக்குத் தெரியாதபடி ஒரு சன்னல் வைத்து, அதன் வழியாகச் சூரிய வெளிச்சத்தை இறக்கியிருக்கிறார் பெர்னினி. அந்த வெளிச்சம் பொன்முலாம் பூசிய கதிர்களின்மேல் பட்டு, இருவர்மீதும் பொழிவதுபோலத் தெரிகிறது.

கிட்டப்போய்ப் பார்த்தால் ஒன்று புரியும். தெரேசாவின் உடல் என்று நமக்குத் தெரிவது முகம், கை, பாதம், அவ்வளவுதான். மற்றதெல்லாம் துணி. கனத்த அங்கியின் மடிப்புகள் அலை அலையாகப் புரண்டு கிடக்கின்றன. துணிக்குள் ஓர் உடல் இருப்பதற்கான வடிவமே தெரியவில்லை. உள்ளே நடக்கும் கொந்தளிப்பை முகத்தில் கொஞ்சம்தான் காட்டி, மிச்சத்தையெல்லாம் அந்தத் துணிக்குக் கொடுத்துவிட்டார். மேகத்தைச் சொரசொரப்பாக விட்டுவிட்டு, முகத்தையும் கையையும் வழவழவென்று மெருகேற்றியிருக்கிறார். கல் ஒன்றுதான், ஆனால் மேகம் ஒரு மாதிரியும் தோல் ஒரு மாதிரியும் துணி வேறு மாதிரியும் வெளிச்சத்தை வாங்குகின்றன.

சில ஆண்டுகளுக்கு முன் மகன் எங்களை ரோமுக்கு அழைத்துப் போனபோது இதை நேரில் பார்த்தேன். 33 வருடம் பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தியவன் என்பதால், மனைவிக்குப் போப், கார்டினல், பெர்னினி என்று விளக்க ஆரம்பித்தேன். அவர் நான் சொன்னது எதையும் கேட்கவில்லை. சிலையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஏங்க, இந்தம்மாவுக்குச் சாமி வந்திருக்குதுங்க" என்றார்.

நான் எத்தனை புத்தகம் படித்திருந்தாலும் இவ்வளவு சுருக்கமாகச் சொல்லியிருக்கமாட்டேன். சேலத்தில் ஆடி மாதம் கோட்டை மாரியம்மன் பண்டிகை பார்த்தவர்களுக்கு அந்த முகம் பழக்கமானது. மேளச் சத்தம் ஏற ஏற, கூட்டத்தில் யாரோ ஒரு பெண்ணுக்கு உடம்பு நடுங்கும். கண் சொருகும். தலை பின்னால் சாயும். அந்த நேரத்தில் அது அவர் முகமாகவே இருக்காது.

எங்களுக்குப் பக்கத்தில் நின்ற சில சுற்றுலாப் பயணிகள் சிலையைப் பார்த்துவிட்டு ஒருவர் காதில் ஒருவர் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டார்கள். பாஷை புரியாவிட்டாலும் சிரிப்பு புரிந்தது. அது புதிதும் அல்ல. 18ஆம் நூற்றாண்டில் இத்தாலியைச் சுற்றிப் பார்த்த ஷார்ல் தெ ப்ரோஸ் என்ற பிரெஞ்சுக்காரர், இதுதான் தெய்வீகக் காதல் என்றால் அது தனக்கும் தெரிந்த சமாச்சாரம்தான் என்ற பொருளில் கிண்டலாக எழுதிவைத்தார். அதிலிருந்து இன்றுவரை இந்தச் சிலையைப் பற்றி எழுதுகிறவர்களில் பாதிப்பேர் அந்த இடத்திலேயே நின்றுவிடுகிறார்கள். இது பக்தியா, சிற்றின்பமா என்பதே அவர்களுக்குக் கேள்வி.

இதற்குப் பதில் தேட, சிலையை விட்டுவிட்டுத் தெரேசாவிடமே போகவேண்டும். ஏனென்றால் பெர்னினி இந்தக் காட்சியைத் தம் கற்பனையிலிருந்து எடுக்கவில்லை. தெரேசா தாமே எழுதிய வாழ்க்கை வரலாற்றில் இது இருக்கிறது. ஒரு தேவதூதன் நெருப்பு நுனி கொண்ட பொன் ஈட்டியால் தம் இதயத்தைத் துளைத்ததாகவும், அந்த வலி தாங்கமுடியாததாக இருந்தும் அது தீர்ந்துவிடக் கூடாது என்று தோன்றும் அளவுக்கு இனித்ததாகவும் அவர் எழுதுகிறார். இது ஆன்மாவின் வலிதான், ஆனாலும் உடம்புக்கும் அதில் பங்கில்லாமல் இல்லை என்று ஒளிக்காமல் சொல்கிறார். பிற்காலத்தவர்கள் கிசுகிசுத்ததை அந்த அம்மாள் நூற்றாண்டுகளுக்கு முன்பே தெளிவாகச் சொல்லி முடித்துவிட்டார்.

அதை எழுதியவர் யார் என்பதும் முக்கியம். அந்த அனுபவம் நேர்ந்தபோது அவருக்கு வயது சுமார் 44. இளம் வயதிலிருந்தே நோயாளி. ஒருமுறை இறந்துவிட்டார் என்று நினைத்துக் குழியே வெட்டிவிட்டார்கள். தாத்தா யூத மதத்திலிருந்து மாறியவர் என்பதால் குடும்பத்தின்மேல் எப்போதும் ஒரு சந்தேகக் கண் இருந்தது. 1562ல் தம் முதல் மடத்தைத் தொடங்கி, ஸ்பெயின் முழுக்க மாட்டுவண்டியிலும் கோவேறு கழுதையிலும் அலைந்து 17 மடங்கள் நிறுவினார். அவருடைய புத்தகத்தை மத விசாரணை மன்றம் வாங்கி வைத்துக்கொண்டது. அது அச்சேறியது அவர் இறந்து ஆறு ஆண்டுகள் கழித்து, 1588ல். கடன், வழக்கு, கட்டிடம், கணக்கு என்று நாள் முழுக்க உழைத்த ஒரு நடுவயதுப் பெண்மணி, பிடிபட்டால் ஆபத்து என்று தெரிந்தே எழுதிய பக்கம் அது. பெர்னினி அவரை இருபது வயதுப் பெண்ணைப் போலச் செதுக்கிவிட்டார். சிலையைப் பார்த்துச் சிரிப்பவர்கள் பார்ப்பது பெர்னினி கொடுத்த அந்த இளமையைத்தான்.

இங்கே எனக்கு நம் காரைக்கால் அம்மையார் நினைவுக்கு வருகிறார். தெரேசாவுக்குச் சுமார் ஆயிரம் ஆண்டுகள் முந்தியவர். கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். வணிகன் பரமதத்தனின் மனைவி புனிதவதி. கணவன் கேட்ட மாங்கனி கைக்கு வந்த அற்புதத்தைக் கண்டு அவன் அஞ்சி ஓடிப்போய், வேறு ஊரில் வேறு பெண்ணை மணந்து, கடைசியில் அவள் காலிலேயே விழுகிறான். இனி இந்த அழகும் தசையும் யாருக்கு என்று அதை உதறிவிட்டுப் பேய் வடிவம் வேண்டிப் பெறுகிறாள் அவள். கயிலாயத்துக்குத் தலையால் நடந்து போகிறாள். திருவாலங்காட்டில் ஆடும் இறைவனின் காலடியில் பாடிக்கொண்டிருக்கும் பேறு பெறுகிறாள். பெரிய புராணத்தில் சேக்கிழார் சொல்வது இது.

சோழர் காலத்துச் சிற்பிகள் அவரை எப்படிச் செய்தார்கள் பாருங்கள். கங்கைகொண்ட சோழபுரத்தில் நடராசர் சிற்பத்தின் காலடியில் இருக்கிறார். நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் ஒரு செப்புத் திருமேனியாகவும் இருக்கிறார். விலா எலும்பு எண்ணலாம்போல இருக்கும். மார்பு வற்றித் தொங்கும். கையில் தாளம், முகத்தில் சிரிப்பு. ஆள் பூரித்துப் போயிருக்கிறார் என்பது முதல் பார்வையிலேயே தெரிந்துவிடும்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கிறது. நோயிலும் வயதிலும் தளர்ந்த தெரேசாவை ரோமில் இளம்பெண்ணாக்கினார்கள். இளம்பெண்ணான புனிதவதியை நம் ஊரில் எலும்புக்கூடாக்கினார்கள். இருவருக்கும் முன்னால் இருந்த சிக்கல் ஒன்றுதான். உள்ளே நடப்பதற்கு உருவம் கிடையாது. அதைக் காட்ட உடம்பு ஒன்றுதான் கையில் இருக்கிறது. பெர்னினி அந்த உடம்பைத் துணிக்குள் கரைத்தார். சோழச் சிற்பி தசையை வழித்து எடுத்துவிட்டார். நம் சிற்பியின் வழியில் ஒரு பாதுகாப்பு இருக்கிறது. அம்மையாரைப் பார்த்து எவனும் கிசுகிசுக்க முடியாது.

அதற்காக நம் ஊர்க்காரர்களுக்குச் சிலை பார்க்கத் தெரியும் என்று பெருமைப்பட்டுக்கொள்ளவும் முடியாது. சேலத்துக்கு மேற்கே தாரமங்கலம் கைலாசநாதர் கோயிலுக்கு வருடம் ஒருமுறை மாணவர்களை அழைத்துப் போவேன். கெட்டி முதலிகள் கட்டிய அந்தக் கோயிலின் சிற்ப மண்டபம், ஏறக்குறைய பெர்னினியின் நூற்றாண்டைச் சேர்ந்தது. ரதி தூணருகே நின்றால் மன்மதன் தெரிவான், மன்மதன் தூணருகே நின்றால் ரதி தெரியமாட்டாள். ராமன் நிற்கும் இடத்திலிருந்து வாலி தெரிவான், வாலிக்கு ராமனைத் தெரியாது. மாசி மாதத்தில் மூன்று நாள் மாலை வெயில் மேற்கு வாசல் வழியாக நுழைந்து லிங்கத்தின்மேல் படும். வெளிச்சத்தையும் பார்ப்பவன் நிற்கும் இடத்தையும் கல்லோடு சேர்த்தே கணக்குப்போடும் வித்தை ரோமுக்கு மட்டும் சொந்தமானதல்ல. ஆனால் பையன்கள் ரதி சிலைக்குப் பக்கத்தில் போனதும் ஒருவனை ஒருவன் இடித்துக்கொண்டு சிரிப்பார்கள். பெரியவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு வேகமாக நடப்பார்கள். சிரிப்பு, வெட்கம் இரண்டுமே சிலையைப் பார்க்காமல் தப்பிக்கும் வழிகள்.

பெர்னினிக்கும் இது தெரிந்திருக்கவேண்டும். தெரேசாவின் இருபக்கச் சுவர்களிலும் நாடகக் கொட்டகை மாடம்போல இரண்டு மாடங்கள் வைத்திருக்கிறார். அவற்றில் கொர்னாரோ குடும்பத்தார் 8 பேர், பளிங்கில். வெனிஸ் குடியரசின் தலைவராக இருந்த கார்டினலின் தந்தையும் அதில் உண்டு, மற்றவர்கள் கார்டினல்கள். ஒருவர் படிக்கிறார், சிலர் தங்களுக்குள் பேசிக்கொள்கிறார்கள். பக்கத்தில் இவ்வளவு பெரிய காரியம் நடக்கிறது. அவர்கள் அதைப் பற்றித் தர்க்கம் செய்கிறார்களா, கவனிக்கவே இல்லையா என்பது அவரவர் பார்வைக்கு விட்ட விஷயம். எனக்கென்னவோ சிலைக்கு முன்னால் நிற்கும் நம்மையும் சேர்த்துத்தான் அவர் அங்கே உட்கார வைத்திருக்கிறார் என்று தோன்றியது.

மாரியம்மன் பண்டிகையில் ஒரு பெண்ணுக்குச் சாமி வந்தால் என்ன நடக்கும் என்பதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அடுத்த நொடியில் நாலு பெண்கள் சுற்றி நின்றுவிடுவார்கள். ஒருவர் இடுப்பைப் பிடித்துக்கொள்வார், விழாமல் இருக்க. ஒருவர் நழுவும் முந்தானையை இழுத்துச் செருகுவார். ஒருவர் அவிழ்ந்த கூந்தலைப் பிடித்து ஒதுக்குவார். வயதில் மூத்தவர்கள்கூட அந்தச் சின்னப் பெண்ணிடம் கைகூப்பி, "என்ன குறை தாயே, சொல்லு" என்று கேட்பார்கள். விபூதி பூசி, தண்ணீர் கொடுத்து, கண் திறந்ததும் ஓரமாக உட்கார வைப்பார்கள். வந்தது சாமியா, மனக்குமுறலா என்று அங்கே யாரும் ஆராய்ச்சி செய்வதில்லை. தன்னை மறந்துபோன ஒருவரை மற்றவர்கள் பார்த்துக்கொள்ளவேண்டும் என்ற ஏற்பாடு மட்டும் இருக்கிறது. யாரும் கற்றுக்கொடுக்காமலே தலைமுறை தலைமுறையாக வரும் நாகரிகம் அது. இப்போது அந்த வட்டத்துக்கு வெளியே செல்போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நிற்கும் இளைஞர்களைப் பார்க்கும்போது, அந்த நாகரிகம் இன்னும் எத்தனை நாளைக்கு என்ற கவலை வருகிறது. படம் பிடித்து அனுப்பினால், முந்தானையைச் செருகிவிட ஆளில்லாத இடத்துக்கெல்லாம் அந்தப் பெண் போய்விடுகிறாள்.

கல்லில் நின்றுவிட்டவர்களுக்கும் அந்தக் கதிதான். தெரேசாவுக்கு 1652ல் மூடிய கண் இன்னும் திறக்கவில்லை. யார் வேண்டுமானாலும் வந்து நின்று பார்க்கலாம். அவருக்கு நாம் செய்யக்கூடிய மரியாதை ஒன்று உண்டு. அவர் என்ன சொன்னார் என்று கேட்பது.

காரைக்கால் அம்மையாருக்கும் அதையே சொல்வேன். மாங்கனியையும் தலையால் நடந்ததையும் சொல்லத் தெரிந்த நம்மில் எத்தனை பேர் அற்புதத் திருவந்தாதியைத் திறந்து பார்த்திருக்கிறோம்? 101 பாடல்கள். அதோடு திருவிரட்டை மணிமாலையும் திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகங்களும் உண்டு. அவருடைய சொந்தப் பாடல்களில் மாங்கனிக் கதை வருவதில்லை. தம்மைக் காரைக்கால் பேய் என்று அவரே கையெழுத்துப் போட்டுக்கொள்கிறார். பேய் வடிவம் சிற்பி கொடுத்ததல்ல, அவரே எடுத்துக்கொண்ட பெயர். நெருப்பு ஈட்டியும் பெர்னினி கொடுத்ததல்ல, தெரேசா எழுதியது. இரண்டு சிலைகளுக்கும் முன்னால் இரண்டு பெண்கள் உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள்.

அம்மையாரின் நூல்களைச் சைவர்கள் பதினோராம் திருமுறையில் சேர்த்துக் காத்தார்கள். தெரேசாவுக்குக் கத்தோலிக்கத் திருச்சபை 1970ல் மறைவல்லுநர் என்ற பட்டம் கொடுத்தது. அந்தப் பட்டம் பெற்ற முதல் பெண் அவர்தான். அந்தப் பட்டம் சிலையில் இருக்கும் முகத்துக்கு அல்ல, எழுத்துக்கு.

நொபிலி 1656ல் மயிலாப்பூரில் காலமானார். ரோமில் அந்தச் சிலை வைத்து அப்போது நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர் அதைப் பார்த்ததில்லை. சேந்தமங்கலத்திலும் சேலத்திலும் நடந்த வழிகளில் சாமி வந்து ஆடியவர்களை அவர் கட்டாயம் பார்த்திருப்பார்.

ரோம் வரை எல்லோராலும் போகமுடியாது. கோவாவுக்குப் போகிறவர்கள் போம் ஜெசு தேவாலயத்தில் சேவியரின் கல்லறையைப் பாருங்கள். பிளாரன்ஸ் நகரத்துச் சிற்பி பொஜ்ஜினி செய்து 1698ல் வந்து சேர்ந்த பளிங்கு வேலை, அதே கலை மரபின் சாயல் அதில் கிடைக்கும். அதுவும் முடியாதவர்கள் பக்கத்துச் சிவன் கோயிலில் பிரகாரம் சுற்றும்போது அறுபத்துமூவர் வரிசையில் கொஞ்சம் நில்லுங்கள். அந்த வரிசையில் பெண்கள் மூன்றே பேர். அதில் மெலிந்துபோன ஒருவர் தாளத்தோடு இருப்பார். எண்ணெய்ப் பிசுக்கும் விபூதியும் அப்பிப் பல இடங்களில் முகம் சரியாகத் தெரியாது. வீட்டுக்கு வந்து அந்தாதியில் ஒரு நாலு பாட்டாவது படித்துவிட்டு, மறுவாரம் போய் மறுபடி பாருங்கள்.